சத்தம் குடுத்தேன்

அந்தப் பையக் கொஞ்சம் அந்தால நகட்டி வைங்க அண்ணாச்சி, நானும் உக்காந்துக்கிடுதேன். காலைல ஏழு மணிக்கு இந்தக் கண்ணாஸ்பத்திரிக்கு வந்தது. நின்னு நின்னு காலு ரெண்டும் மரத்துப் போச்சு. நீங்க யாருக்காக வந்திருக்கீங்க? வீட்டம்மாவுக்கா? கண்புரைதானே, அதுக்கு ஒண்ணும் பயப்பட வேண்டாம். இப்பல்லாம் கால் மணி நேரத்துல முடிச்சு வெளிய அனுப்பிருதாங்க. எங்க சித்தி ஒருத்திக்கு இங்கதான் பண்ணுனோம். மறு வாரமே உக்காந்து பூக் கட்டுதா.

எனக்கில்ல. கூட்டாளிக்கு. ஆவுடையப்பன்னு பேரு, ஆவுடைன்னு கூப்பிடுவோம். அந்தா தெரியுதுல்லா, கடைசி ரூமு, பச்சைக் கதவு, அதுக்குள்ள இருக்கான். இன்னைக்கு அவனுக்குக் கண்ணு வைக்காங்க. ஆமா, செயற்கைக் கண்ணுதான். வலது பக்கம். அளவெல்லாம் போன மாசமே எடுத்தாச்சு. இடது கண்ணப் பாத்துப் பாத்து அதே கருப்புல ஒருத்தர் வரைஞ்சிருக்காரு. பக்கத்துல நின்னு பாத்தாக்கூட தெரியாதுன்னு சொல்லுதாங்க. பாப்போம்.

எப்படி ஆச்சுன்னுதானே கேக்கீங்க? எல்லாரும் கேக்கத்தான் செய்யுதாங்க. மீன் பிடிக்கப் போன எடத்துல தூண்டில் முள்ளு பட்டுருச்சு. என் முள்ளுதான். அதுல ஒளிக்கதுக்கு ஒண்ணுமில்ல. நான் வீசுனேன், அவன் குறுக்க வந்துட்டான். வீசுததுக்கு முந்தி சத்தம் குடுத்தேன் அண்ணாச்சி. காத்து கொண்டுட்டுப் போயிருச்சு, அவன் காதுல விழல. அவ்வளவுதான் நடந்தது.

நீங்க எந்தூரு? சங்கரன்கோவிலா? அப்ப எங்க ஊர்க் காத்தப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சிருக்க நாயமில்ல. நாங்க பணகுடிப் பக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வருதுல்லா, ஆனி ஆடியில அந்தக் காத்து ஆளையே தள்ளும். கொடியில போட்ட வேட்டிய மூணாவது தெருவுல போய் எடுக்கணும். கூப்பிடு தூரத்துல நிக்கவன்ட்ட பேசணும்னாலும் போன்தான் போடணும். சும்மாவா எங்க ஊரச் சுத்திக் கரண்டு எடுக்க இத்தன காத்தாடி நட்டு வச்சிருக்கான்.

அந்தக் காத்தாடிக்கு றெக்கை கொண்டு வாற டிரெய்லர் இருக்குல்லா, அதுல டிரைவர் ஆவுடை. நீங்க ரோட்டுல பாத்திருப்பீங்க. நூத்தம்பது அடி நீளம், ஒத்த றெக்கை மட்டும் படுத்துக் கெடக்கும், முன்னால ஒருத்தன் செவப்புக் கொடியோட நடப்பான். தூத்துக்குடில எடுத்து, ஊருக்குள்ள, வயக்காட்டுக்குள்ள, இந்த முக்கு அந்த முக்குன்னு திருப்பிக் கொண்டாந்து சேக்கணும். இருபத்தாறு வருசம் ஓட்டுனான். ஒரு சொவத்துல, ஒரு கரண்டுக் கம்பில உரசுனது கிடையாது. கம்பெனில புதுசா வாற டிரைவருக்கு இவனக் காட்டித்தான் சொல்லுவாங்களாம். நமக்கு மோட்டார் வைண்டிங். பணகுடில சின்னதா ஒரு கடை. மாசானம்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க.

ஞாயித்துக்கிழமையானா நாங்க ரெண்டு பேரும் நல்லாண்டி குளத்துலதான் கெடப்போம். இந்த வருசம் கோடையில நல்ல மழை, அதனால ஆடியிலயும் பாதிக் குளம் தண்ணி நின்னுச்சு. தண்ணின்னு பேருதான், பாக்க எடம் பூரா பாசி. ஓரத்துல சம்புக் கோரை, அதத் தாண்டித் தாமரை, அதுக்கடியில வேலம்பாசி. மண்புழுவா? மண்புழு வச்சு மிதவை போட்டு உக்காந்தா அந்தக் குளத்துல நாள் பூரா பாசிதான் வரும். நாங்க போடுதது ரப்பர் தவளை. அசல் தவளை மாதிரியே இருக்கும். முள்ளு ரெண்டும் முதுகோட ஒட்டி மேல பாத்துப் படுத்துக்கிடும், அதனால பாசில மாட்டாது. தாமரை எலைக்கு மேல வீசி, டொக்கு டொக்குன்னு இழுத்துக்கிட்டு வரணும். அடியில விரால் மீன் கெடக்கும். எலை லேசா அசையும். பெறவு ஒரே வெடி. தண்ணி தெறிக்கும் பாருங்க, நமக்கு நெஞ்சு ஒரு நிமிசம் நின்னுரும். அது கவ்வுனதும் ரப்பர் நசுங்கி முள்ளு வெளிய வந்து வாயில ஏறிரும். அந்த ஒரு வெடிய நெனச்சுக்கிட்டுத்தான் நான் வாரம் பூரா மோட்டாருக்குக் காயில் சுத்துவேன்.

ஆனா காத்துல ரப்பர் தவளை போகாது. எடை கிடையாதுல்லா. நீங்க அங்க வீசுனா அது உங்க காலடிலயே வந்து விழும். அதுக்கு நான் ஒரு வேலை பண்ணுவேன். கடையில வெட்டிப் போட்ட செப்புக்கம்பித் துண்டு கெடக்கும், அத எடுத்துத் தவளை வயித்துக்குள்ள திணிச்சிருவேன். கல்லு மாதிரிப் போகும். இன்னொண்ணும் பண்ணுனேன். எனக்கு விரால் வந்து வெடிக்கும், ஆனா மாட்டாது. அதனால கட்டிங் பிளேயர வச்சு முள்ளு ரெண்டையும் கொஞ்சம் வெளிப்பக்கமா விரிச்சு விட்டேன். ஆவுடை அதப் பாத்துட்டு, "ஏல, இப்படியா நீட்டிக்கிட்டு இருக்கது? உள்ள தள்ளுல"ன்னான். சரி சரின்னேன். தள்ளல. எல்லாரும் விரிக்கத்தான் செய்யுதாங்க, நான் மட்டுமா.

காத்தடிக்க குளத்துல நிக்கவனுக்கு ஒரு சட்டம் உண்டு அண்ணாச்சி. வீசுததுக்கு முந்தி "வீசுதேன்"னு சத்தம் குடுக்கணும். கூட நிக்கவன் "வீசு"ன்னு திருப்பிச் சொல்லணும். அது காதுல விழுந்த பெறவுதான் தூண்டில் ராடத் தூக்கணும். ஆவுடை போட்ட சட்டம். டிரெய்லர்ல அவங்களுக்கு அப்படித்தானாம், முன்னால நடக்கவன் குரல் வராம சக்கரம் உருளாது. குளத்துக்கு வாற மத்த பயலுவளும் அதப் பழகிட்டானுவ. அவன் போட்ட இன்னொரு சட்டமும் உண்டு. குஞ்சு மேல வீசப்படாது.

அது என்னன்னா, விரால் குஞ்சு பொரிச்சிருச்சுன்னா எல்லாம் ஒரே கூட்டமாத்தான் நீந்தும். செக்கச்செவேல்னு ஆயிரக்கணக்குல இருக்கும். மூச்செடுக்க மேல வாறப்ப உலையில அரிசி கொதிக்க மாதிரி அந்த எடம் மட்டும் கொதிக்கும். தாயும் தகப்பனும் அடியிலயே சுத்திக்கிட்டுக் கெடக்கும். அந்த நேரம் அதுக்கு இரையே வேண்டாம். ஆனா குஞ்சுக்கு நடுவுல தவளை விழுந்துச்சுன்னா முன்பின் பாக்காம வந்து அடிக்கும். பசியில இல்ல, பிள்ளையக் காப்பாத்ததுக்கு. அதனால அத விடச் சுளுவா விரால் பிடிக்க வேற வழியே கிடையாது. எந்த மடையனுக்கும் மாட்டும். ஆவுடை சொல்லுவான், "அது மீன் பிடிக்கதில்ல மாசானம். ஒருத்தன் வீட்டுக்குள்ள கல்ல எறிஞ்சு, பதறி வெளிய வாறவனப் பிடிக்கது"ன்னு.

எனக்கு இந்த வருசம் நேரம் சரியில்ல. ஏழு ஞாயித்துக்கிழமை. ஒண்ணு ரெண்டு இல்ல, ஏழு. ஒரு மீன் மாட்டல. ஆவுடைக்கு அஞ்சு விரால். வள்ளியூர்ல இருந்து வாற காலேஜ் பயலுவளுக்குக்கூட ஆளுக்கு ரெண்டு மாட்டிருச்சு. அவனுவ ஒரு வாட்ஸப் குரூப்பு வச்சிருக்கானுவ. மீனத் தூக்கிப் பிடிச்சுப் போட்டோ போடுவானுவ. நான் பாசிய அள்ளி வெளிய போடுதத எவனோ போட்டோ எடுத்துப் போட்டு, "பாசி மாசானம் அண்ணனுக்கு இன்னைக்கு மூணு கிலோ"ன்னு எழுதிட்டான். அதுல இருந்து அதே பேரா ஆயிப் போச்சு. கடைக்கு ஒருத்தர் மோட்டார் தூக்கிட்டு வாறாரு, "பாசி அண்ணன் கடை இதானே?"ன்னு கேக்காரு. சிரிச்சேன். சிரிக்காம என்ன செய்ய. அன்னைக்கு மத்தியானம் எனக்குச் சோறு எறங்கல. நாப்பத்தெட்டு வயசு ஆளு அண்ணாச்சி நான். பேரன் எடுக்கப் போற வயசுல பாசின்னு பேரு.

ஆவுடையும் கூடச் சேந்து சிரிச்சான். அதச் சொல்லணும்லா. அவனும் சிரிச்சான்.

சரி, அன்னைக்கு நடந்ததச் சொல்லுதேன். ஆடி மூணாவது ஞாயிறு. காலைல ஏழரை எட்டு மணி இருக்கும். காத்துன்னா காத்து. நான் கிழக்கரையில, ஒரு உடைமரத்துப் பக்கம் நிக்கேன். அவன் அந்தால மடைகிட்ட நிக்கான். எனக்கு நேர தாமரைக்குள்ள ஒரு சந்து தெரிஞ்சுச்சு. சத்தம் குடுத்தேன், "வீசு"ன்னு வந்த மாதிரி இருந்துச்சு, வீசுனேன். அங்க குஞ்சு கெடந்தது எனக்குத் தெரியாது. அவன் பாத்துட்டான் போல. வீசாதன்னு சொல்லதுக்கு என் பின்னால ஓடி வந்திருக்கான். நான் பின்னால பாக்கல. முள்ளு போய்...

ஆளத் தூக்கி பைக்குல வச்சேன். தோள்ல கெடந்த துண்ட வச்சுக் கண்ண அமுக்கிக்கிட்டு வந்தான். ஒரு சத்தம் போடல. நான்தான் வண்டிய ஓட்டிக்கிட்டே, "சத்தம் குடுத்தேனே ஆவுடை, கேக்கலையா?"ன்னு கேட்டேன். இன்னொரு கையால என் தோளப் பிடிச்சுக்கிட்டான். பெறவு, "கேக்கலையேல"ன்னான். ஆஸ்பத்திரில போலீஸ்காரர் வந்து எழுதுனப்பவும் அவனாத்தான் சொன்னான், "அவன் சத்தம் குடுத்திருக்கான் சார். நான் புத்தியெல்லாம் குஞ்சு மேல வச்சுக்கிட்டுக் குறுக்க போயிட்டேன். அவன் பேர்ல ஒண்ணும் எழுதாதீங்க"ன்னு. அப்படி ஒரு மனுசன்.

கண்ணு போனா லைசென்சு போச்சுல்லா. பெரிய வண்டி ஓட்ட முடியாது. நான் என்னால ஆனதெல்லாம் பாக்கேன் அண்ணாச்சி. அந்த மாசம் பதினோரு நாள் கடையத் தெறக்கல. இந்த மூணு மாசத்துல ஒம்பது தடவ இங்க கூட்டிட்டு வந்திருக்கேன், ஒரு தடவகூட அவன் வீட்டுல இருந்து வேற ஆளு வரல. அவன் பொண்டாட்டி சண்முகத்தாய் எல்லார்ட்டயும் சொல்லுதா, "கூடப் பொறந்தவங்ககூட இப்படிப் பாக்க மாட்டாங்க, மாசானம் அண்ணன் மாதிரி"ன்னு. அதக் கேக்கப்ப ஒரு பக்கம் நல்லாத்தான் இருக்கும். ஆனா அங்க நிக்க முடியாம வண்டிய எடுத்துட்டுக் கெளம்பிருவேன்.

கேளுங்க, இப்ப என்ன பிரச்சினைன்னா, கம்பெனில அவன விட மனசில்ல. மேனேஜர் நல்ல மனுசன். கூப்பிட்டுச் சொல்லிட்டாரு, "வண்டிதானே ஓட்ட முடியாது, முன்னால கொடி பிடிச்சு நடந்து வழி காட்டு. எந்த முக்குல எத்தன அடி திரும்பும்னு உன்ன விட்டா யாருக்குத் தெரியும்"ன்னு. இன்னைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள வாறேன், வரலன்னு சொல்லணும். இல்லன்னா வேற ஆளப் போட்டுருவாங்க. டிரைவர் வேலை போன பெறவு அந்த வீட்டுக்கு அதுதான் ஒரே வழி. இவன் மாட்டேங்கான்.

ஏன் மாட்டேங்கான்னா, அங்கதான் இருக்கு. சொல்லுதான், "கூப்பிடுத குரல் காதுல விழாத பய நான். எனக்கு முன்னால ஒருத்தன் ராடத் தூக்கிட்டு நிக்கான், அதுக்குப் பின்னால போய் நிக்கப்படாதுன்னுகூடத் தெரியல. என்ன நம்பி நூத்தம்பது அடி றெக்கைய எவன் உருட்டுவான்? எவன் வீட்டுச் சொவத்தையாவது இடிச்சுப் பிள்ளைய நசுக்கிருவேன்"ன்னு. இருபத்தாறு வருசம் ஓட்டுனது எல்லாம் தெறமை இல்லையாம், அதிர்ஷ்டமாம். அந்த அதிர்ஷ்டம் நல்லாண்டி குளத்துல தீந்து போச்சாம். மகள டியூசனுக்குக் கூட்டிட்டுப் போறதுகூட கிடையாது. ரோட்டக் குறுக்க கடக்கணும்னா சண்முகத்தாய் கையப் பிடிச்சுக்கிடுதான். ஒரு கண்ணு நல்லாத் தெரியுது அண்ணாச்சி, டாக்டரே சொல்லுதாரு. பாக்கதுல ஒண்ணும் கோளாறு இல்ல. தன் மேல இருந்த நம்பிக்கைதான் போயிருச்சு.

நானும் சொல்லாத வார்த்தையில்ல. "விடுல, கவனப்பிசகு எல்லாருக்கும் வரத்தான் செய்யும்"னேன். "ஒரு நாள் தப்புக்கு இருபத்தாறு வருசத்தத் தூக்கிப் போடுவியா"ன்னேன். நானே அவன்ட்ட சொல்லுதேன் பாருங்க. கவனப்பிசகுன்னு.

என்ன கேட்டீங்க? நான்தான் சத்தம் குடுத்துட்டேனே, பெறவு ஏன் அவனுக்கு இவ்வளவு ஓடி ஓடிச் செய்யுதேன்னா?

கூட்டாளில்லா. அதான்.

நீங்க என்ன செய்யுதீங்க அண்ணாச்சி, வாத்தியாரா? இல்ல, பாக்கத அப்படிப் பாக்கீங்க. பேசாம இருக்கீங்க. பேசாம இருக்கவங்ககிட்டதான் வாய் தானா வருது. நீங்க வீட்டம்மாவக் கூட்டிட்டு சங்கரன்கோவிலுக்குப் போயிருவீங்க. நாம மறுபடி பாக்கப் போறதில்ல. அப்படித்தானே?

நான் சத்தம் குடுக்கல.

குடுக்கல அண்ணாச்சி. காத்து அடிச்சது நெசம், ஆனா அது கொண்டுட்டுப் போக நான் வாயே தெறக்கல. குஞ்சு கெடந்தது எனக்குத் தெரியும். இருபதடி தூரத்துல, தாமரைக்கு இந்தால, செவப்பா, கொதிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. அடியில தாய் பொரளுதது நல்லாத் தெரியுது, என் கை நீளம் இருக்கும். எட்டாவது ஞாயித்துக்கிழமை அண்ணாச்சி. அது ஒண்ணு மாட்டிருச்சுன்னா போட்டோ போட்டு அத்தன பய வாயையும் அடைச்சிரலாம். எங்க பிடிச்சேன்னு எவன் கேக்கப் போறான்.

மடைப்பக்கம் திரும்பிப் பாத்தேன். ஆவுடையும் அதப் பாத்துட்டான். நான் ராட எடுத்ததையும் பாத்துட்டான். கைய ஒசத்தி வேண்டாம் வேண்டாம்னு ஆட்டிக்கிட்டே வேகமா வாறான். நான் "வீசுதேன்"னு சத்தம் குடுத்தா அவன் "வீசு"ன்னு சொல்ல மாட்டான்னு தெரியும். அவன் சொல்லாம நான் வீசுனா பெறவு அவன் மூஞ்சில முழிக்க முடியாது. சத்தமே குடுக்கலன்னா? அவன் வந்து சேரதுக்குள்ள வீசிட்டா? கவனிக்கலப்பான்னு சொல்லிரலாம்லா. அவ்வளவுதான் என் புத்தி போச்சு. அவன் காலடிச் சத்தம் வலது பக்கம் கேக்குது. கடைக்கண்ணுல அவன் சட்டை தெரியுது. ராடப் பிடிக்கதுக்குக் கைய நீட்டுதான், அதுவும் தெரியுது. நான் அத விட வேகமா ராடப் பின்னால கொண்டு போயி ஓங்கி வீசுனேன்.

பாதில நின்னுருச்சு. உடைமரத்துல மாட்டிருச்சுன்னு நெனச்சேன்.

ஒரு சுண்டு சுண்டுனேன் அண்ணாச்சி. மரத்துல மாட்டுனா சுண்டுவோம்லா, அந்த மாதிரி.

அவன் அலறல. "மாசானம், ஆட்டாதல"ன்னு மட்டும் சொன்னான், ரொம்ப மெதுவா. திரும்பிப் பாக்கேன். நான் விரிச்சு வச்ச முள்ளு. நான் திணிச்ச செப்புக்கம்பி. கட்டிங் பிளேயர் பையிலதான் கெடந்துச்சு, நூல வெட்டி விட்டேன். கண்ணுல தவளையோடதான் பைக்குல ஏறுனான், அதுக்கு மேலதான் துண்டு. அப்பத்தான் கேட்டேன், சத்தம் குடுத்தேனே கேக்கலையான்னு. அந்த ரத்தத்துக்குள்ள, அவ்வளவு வேகமா எனக்கு அந்தப் பொய் வந்துச்சு பாருங்க. நான் யோசிக்கவே இல்ல. அவன் நம்பிட்டான். என்ன சந்தேகப்படதுக்குப் பதிலா அவன் காதச் சந்தேகப்பட்டுட்டான்.

இதோட போச்சுன்னா பரவால்ல. கண்ண எடுத்து ரெண்டாவது வாரம். சண்முகத்தாய் சொன்னா, புண்ணு ஆறதுக்கு விரால் குழம்பு வச்சுக் குடுத்தா நல்லதுன்னு எல்லாரும் சொல்லுதாங்க, சந்தையில வளப்பு மீன்தான் கெடைக்குன்னு. நான் புடிச்சிட்டு வாறேன் தாயின்னுட்டுத் தனியாப் போனேன். ஊரெல்லாம் சுத்தி எங்க போய் நின்னேன்னு நெனைக்கீங்க? அதே எடம். குஞ்சு கொஞ்சம் பெருசாகி, செவப்பு மங்கிப் போயிருந்துச்சு. ஒரே வீச்சு. நடுவுல போய் விழுந்துச்சு, தாய் வந்து அடிச்சிருச்சு. ஒண்ணே முக்கால் கிலோ. கையில வாங்குனப்ப சந்தோசமா இருந்துச்சு அண்ணாச்சி. பொய் சொல்லல. ஒரு நிமிசம் நல்லாவே சந்தோசமா இருந்துச்சு. அதுக்குப் பெறவுதான் குஞ்சு என் காலு பக்கம் வந்து சுத்துததப் பாத்தேன்.

குழம்ப அவன் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டான். "எங்கல மாட்டுச்சு?"ன்னான். மடைப்பக்கம், தனியாக் கெடந்துச்சுன்னேன். அவனுக்கு மொகமெல்லாம் சிரிப்பு. "எனக்கு ஒரு கண்ணு போனாலும் உனக்கு மீன் மாட்டிருச்சுல்லா. இனிமே உன்னப் பாசின்னு எவன் சொல்லுதான் பாப்போம்"னு போன எடுத்து, அந்த குரூப்புல அவன் குரல்லயே பேசிப் போட்டான், மாசானம் எனக்காகத் தனியாப் போயி விரால் பிடிச்சாந்தான்னு. அத்தன பயலுவளும் கையெடுத்துக் கும்பிட்டுப் போட்டிருக்கானுவ. நான் கொல்லப்பக்கம் போய், கூட உக்காந்து தின்னது அவ்வளவையும் வாந்தி எடுத்தேன். சண்முகத்தாய் பித்தம்னு நெனச்சு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுத்தா.

அடுத்த ஞாயிறு சும்மா பாக்கப் போனேன், ராடு எடுக்காம. தகப்பன் மீனும் இல்ல. வேற எவனும் பிடிச்சிருப்பான். குஞ்சு செதறிக் கெடக்கு. சம்பு மேல நீர்க்காகம் வரிசையா உக்காந்திருக்கு. அதுல இருந்து நான் குளத்துப் பக்கம் போகல.

இப்பப் புரியுதா உங்களுக்கு? அவன் கிட்ட தப்பே கிடையாது. அவன் காது நல்லாத்தான் இருக்கு. நான் கூப்பிட்டிருந்தா அவனுக்குக் கேட்டிருக்கும். அவன் நிக்கக் கூடாத எடத்துல நிக்கல, செய்ய வேண்டியதச் செய்யத்தான் வந்தான். இத ஒருத்தன் அவன்ட்ட சொன்னா போதும், நாளைக்கே கொடியத் தூக்கிருவான். இருபத்தாறு வருசமும் அவனுக்குத் திரும்பக் கெடைச்சிரும். சொல்லதுக்கு இருக்கது நான் ஒருத்தன்தான். வேற சாட்சியே கிடையாது.

சொன்னா என்ன ஆகும்னு கேக்கீங்க. அவன் அடிச்சான்னா வாங்கிக்கிடுவேன். அடிக்க மாட்டான். பேசாம இருந்துருவான். முப்பது வருசக் கூட்டாளி அண்ணாச்சி, அவன விட்டா எனக்கு ஞாயித்துக்கிழமை போறதுக்கு எடம் கிடையாது. சண்முகத்தாய் அண்ணன்னு கூப்பிடுதா. அது போயிரும். அந்தப் பயலுவளுக்குத் தெரியும். பாசின்னு சொன்னத விட மோசமா ஒண்ணு சொல்லுவானுவ.

மணி என்ன? பதினொண்ணே முக்காலா?

இல்ல, சொல்லிருவேன். இன்னைக்குச் சொல்லணும்னுதான் கெளம்பி வந்ததே. பஸ்ல வாறப்பவே சொல்லியிருக்கணும், அவன் ஜன்னல் பக்கமாத் திரும்பி உக்காந்துட்டான். வெளிய வந்ததும் சொல்லிருதேன். "ஆவுடை, நான் சத்தம் குடுக்கல." அவ்வளவுதானே. மூணே வார்த்தை. உங்ககிட்ட வந்துருச்சு பாத்தீங்களா, பேர்கூடத் தெரியாத ஆள்ட்ட. அவன்ட்ட வராமலா போயிரும். நீங்க மட்டும் கொஞ்சம் பக்கத்துல இருங்க. வீட்டம்மாவக் கூப்பிட இன்னும் நேரம் இருக்குல்லா? நீங்க இருந்தீங்கன்னா எனக்குப் பேச்சு மாறாது. உங்க முன்னால மாத்திச் சொல்ல முடியாதுல்லா.

கதவு தெறக்குது. அந்தா, அவன்தான். நீலச் சட்டை.

வா ஆவுடை. இங்க வா, உக்காரு. எங்க, இப்படி வெளிச்சத்துப் பக்கம் திரும்பு. அடப்பாவி, எது நெசக் கண்ணுன்னு எனக்கே தெரியலையேல. வலிக்குதா? உறுத்தத்தான் செய்யும்னாங்க, போகப் போகச் சரியாயிரும். சண்முகத்தாய் பாத்தா அழுதுருவா.

யாருக்கு, மேனேஜருக்கா? இருல, இன்னும் பன்னெண்டு ஆகல. என்ன அவசரம். சாப்பிட்டுட்டுப் பேசுவோம். முடிவு பண்ணிட்டியா? வேண்டாம்னா சொல்லப் போற? ஆவுடை, இங்க பாரு, நான் ஒண்ணு சொல்லணும். அதுக்கு முந்தி நான் உன்கிட்ட...

ஒண்ணுமில்ல. நல்லா யோசிச்சுக்கோன்னு சொல்ல வந்தேன். உன் இஷ்டம். இந்தா போனு.

இவங்களா? இவங்க சங்கரன்கோவில் அண்ணாச்சி. வீட்டம்மாவுக்கு ஆப்பரேசன். சும்மா பேசிக்கிட்டு இருந்தோம். எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க, நடந்ததச் சொன்னேன். என்ன சொன்னேன்னா, எல்லார்ட்டயும் சொல்லுததுதான். நான் சத்தம் குடுத்தேன், காத்துல உனக்குக் கேக்கலன்னு சொன்னேன். அதானே அண்ணாச்சி சொன்னேன்? அவன் கேக்கான் பாருங்க. சொல்லுங்க அண்ணாச்சி.